மதகுப் பாட்டு

ஓய்வுபெற்ற மறுவருடம், 2023இல், ஒரு சாயங்காலம் நாகர்கோவில் நூலகத்துக்குப் போய்விட்டுச் சுசீந்திரத்தில் இருக்கும் வீட்டுக்குப் பேருந்தில் திரும்பி வந்தேன். வாசலில் நின்ற மனைவி என்னையும் எனக்குப் பின்னால் வெறுமனே கிடந்த தெருவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வண்டிய எங்க விட்டிய?" என்று கேட்டாள். ஸ்கூட்டரில் போனவன் நான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாவி சட்டைப்பையில் இருந்தது. பேருந்தில் சீட்டு வாங்கச் சில்லறை தேடியபோது அந்தச் சாவி விரலில் பட்டதும்கூட ஞாபகம் வந்தது. பட்டது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சில வாரங்கள் இதை ஒரு நகைச்சுவைக் கதையாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர்கள் சிரித்தார்கள். ஆளாளுக்குத் தங்கள் கதைகளைச் சொன்னார்கள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடியவர், மகளின் கல்யாணப் பத்திரிகையைச் சம்பந்தியிடமே கொடுத்து அழைத்தவர் என்று பட்டியல் நீண்டது. இரவில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் என் அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

அப்பா தமிழாசிரியர். 1990இல் ஓய்வுபெற்றார். அந்தக் காலத்துத் தமிழாசிரியர்களைப்போல அவரும் நூல்களைத் தலைக்குள் வைத்திருந்தார். வகுப்புக்குப் புத்தகம் கொண்டுபோவது ஓர் ஆசிரியனுக்கு இழுக்கு என்றே நினைத்தார். இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு காரியங்களை மனத்தில் நிறுத்திக் காட்டிய கதையை, நேரில் பார்த்தவர்போலச் சொல்வார். அப்பா பிறந்ததே 1932இல். அவருடைய ஆசிரியர் ஒருவர் பாவலரை அறிந்தவர், அவ்வளவுதான். "நூறு முடியாது. நமக்கு ஒண்ணு போதும். அந்த ஒண்ண ஒழுங்கா வச்சுக்கிட்டாப் போதும்" என்பார்.

அப்படிப்பட்டவர் தன் எழுபதுகளில் ஒவ்வொன்றாகக் கைவிட்டார். முதலில் நாள், பிறகு பெயர்கள், பிறகு வீட்டுக்கு வரும் வழி. 2012இல் அவர் இறந்தபோது என் பெயர் அவரிடம் இல்லாமலாகி ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

ஆகவே ஸ்கூட்டர் விஷயத்தை நான் வேறு யாரிடமும் ஆலோசிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோனேன். இளம்வயதுக்காரர். பொறுமையாகக் கேட்டார். ஓய்வுக்குப் பின் நாட்கள் எப்படிப் போகின்றன, தூக்கம் எப்படி, யாரோடு பேசுகிறேன் என்றெல்லாம் விசாரித்தார். நான் எதிர்பார்த்த கேள்விகள் அல்ல அவை. பகல் முழுவதும் தொலைக்காட்சி, மதியம் இரண்டு மணிநேரத் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சு என்பது பெரும்பாலும் கைப்பேசியில் வந்ததை இன்னொருவருக்கு அனுப்புவது. சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. முப்பத்தைந்து வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் நாள் ஒன்றுக்கு நாற்பது பேரிடம் பேசியவன், அப்போது நாற்பது சொற்கள் பேசினால் அதிகம்.

"நீங்க வண்டிய மறக்கல சார். வண்டிய விட்டதைக் கவனிக்கவே இல்ல. உள்ளே போகாத ஒண்ணு எப்படி வெளியே வரும்?" என்றார். பிறகு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். வைட்டமின் பி12 மிகக் குறைவாக இருந்தது. சர்க்கரைக்காகப் பத்து வருடமாக நான் விழுங்கிவரும் மெட்ஃபார்மின் மாத்திரை நாளடைவில் பி12ஐக் குறைக்கக்கூடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். பி12 குறைவும் தைராய்டு கோளாறும் மனச்சோர்வும் மறதியின் வேடத்தில் வரும் என்றும், இவை மூன்றும் சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை என்றும், வயதாகிவிட்டது என்று சொல்லி இவற்றைப் பார்க்காமல் விட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் நடப்பது என்றும் சொன்னார். ஊசி போட்டார். எழுந்தபோது, "காதையும் ஒருவாட்டி பார்த்துருங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தாக்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

செய்தி பரவியதும் அறிவுரைகள் வந்து குவிந்தன. ஒருவர் வல்லாரை என்றார், ஒருவர் ஊறவைத்த பாதாம் என்றார், ஒருவர் குறுக்கெழுத்து என்றார், தூரத்து உறவினர் ஒருவர் விலை மிகுந்த மாத்திரைப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டே போனார். வல்லாரைத் துவையல் ருசியாக இருந்தது, இன்றும் சாப்பிடுகிறேன். அதனால் எனக்கு எதுவும் ஞாபகம் வந்ததாகச் சொல்ல முடியாது. மாத்திரைப் புட்டியை மருத்துவரிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். எல்லா அறிவுரைகளிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கவனித்தேன். எதையாவது உள்ளே போட்டால் மூளை பலப்படும் என்ற நம்பிக்கை. எங்கள் அப்பாவின் வழி இதற்கு நேர் எதிரானது. அவர் எப்போதும் வெளியே எடுக்கச் சொல்வார்.

"பொஸ்தகத்த மூடு. இப்பச் சொல்லு பாப்போம் மக்கா." என் பால்யத்தில் நான் மிக அதிகம் கேட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். நான்கு முறை படித்துவிட்டேன் என்றால் அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை படி, மூன்றுமுறை சொல் என்பார். தவறினாலும் பரவாயில்லை, திணறு, ஆனால் உடனே புத்தகத்தைத் திறக்காதே. திணறும் அந்த நேரத்தில்தான் பாட்டு உள்ளே இறங்குகிறது என்பது அவர் கொள்கை. அது ஒரு பழைய வாத்தியாரின் முரட்டுத்தனம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

ஓய்வுக்குப் பின் வாசித்தபோது வேறு மாதிரித் தெரிந்தது. 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஓர் ஆய்வு இது. மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்களிடமே பாடம் அதிகம் மிஞ்சியிருந்தது. படிப்பவனுக்குத் தெரிந்துவிட்டது போன்ற ஒரு மயக்கம் கிடைக்கிறது, சொல்பவனுக்குத் தெரியாதது எது என்று தெரிந்துவிடுகிறது.

அதற்கும் முன்னோடி ஒருவர் உண்டு. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, தன்னையே சோதனை எலியாக்கி, மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணிநேரத்தில் விழுந்தடித்துக்கொண்டு ஓடுகிறது, பிறகு மெல்ல நடக்கிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் பல நாட்களில் படிப்பது நிலைக்கிறது என்பதும் அவர் கண்டதே. அப்பாவுக்கு எபிங்ஹவுஸின் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் இன்று படித்த பாட்டை நாளைக்கும், பிறகு வெள்ளிக்கிழமையும், பிறகு அடுத்த மாதமும், நான் எதிர்பாராத நேரத்தில் கேட்பார்.

பெரும்பாலும் நடக்கும்போதுதான் கேட்பார். சுசீந்திரத்திலிருந்து கவிமணி பிறந்த தேரூருக்குப் போகும் சாலையில் குளத்தை ஒட்டி நாங்கள் தினமும் காலையில் நடப்போம். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்து இப்போது பெயர்ப்பலகையெல்லாம் வைத்திருக்கும் அதே நீர்ப்பரப்புதான். எனக்குப் பத்து வயதில் அபிராமி அந்தாதியைத் தொடங்கினார். பக்தியைவிட அதன் கட்டுமானமே அவருக்கு முக்கியம். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். நூறாவது பாட்டின் முடிவு முதல் பாட்டின் முதற்சொல்லில் போய்ச் சேரும். மோனையும் எதுகையும் ஒரு பாட்டுக்குள் வழிகாட்டும், அந்தாதி ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகும். ஏட்டில் எழுதி எல்லோர் கையிலும் கொடுக்க முடியாத காலத்தில் மனிதர்கள் கண்டுபிடித்த தொழில்நுட்பம் இது என்பார்.

போதாததற்கு அவர் இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் சாலையில் ஓர் இடம் கொடுத்தார். ஆலமரத்தடியில் ஒரு பாட்டு, கல்பாலத்தில் ஒரு பாட்டு, மதகில் ஒரு பாட்டு. முப்பத்தொன்றாவது பாட்டு எங்கள் வீட்டில் 'மதகுப் பாட்டு' என்றே அழைக்கப்பட்டது. கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் முறை இதேதான் என்று பின்னாளில் படித்தேன். விருந்து மண்டபம் இடிந்து விழுந்து உடல்கள் அடையாளம் தெரியாமல் சிதைந்தபோது, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்ற நினைவைக்கொண்டே அவர் ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டியதாகச் சிசெரோ எழுதியிருக்கிறார். இடத்துக்கும் நினைவுக்கும் உள்ள இந்த உறவுக்கு உடம்பிலேயே ஆதாரம் இருக்கிறது. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்தாக வேண்டும். எலினார் மக்வயர் 2000இல் அவர்களுடைய மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்ததால் ஓட்டுநரானார்களா என்ற கேள்விக்கு 2011இல் விடை வந்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்ததில், தேர்ச்சி பெற்றவர்களுக்கே அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

நான் நாற்பது பாட்டு வரை வந்தேன். பிறகு பள்ளி இறுதித் தேர்வு, கல்லூரி, வேலை. அந்தாதி நின்றுவிட்டது. அப்பா மட்டும் நடந்துகொண்டிருந்தார்.

இப்போது காது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும்போதே காது மந்தப்படத் தொடங்கியது. நாங்கள் அதைக் கவனித்தோம், ஆனால் பொருட்படுத்தவில்லை. வயதானால் காது கேட்காது, அது இயல்பு என்று எல்லோரையும்போல நாங்களும் நினைத்தோம். கருவி வாங்கலாம் என்ற பேச்சு ஒருமுறை வந்தது. அவர் வேண்டாம் என்றார். விலையைக் கேட்டு நாங்களும் வற்புறுத்தவில்லை. வீட்டில் அவரிடம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. உரக்கப் பேசினால் எதுவும் சண்டைபோல ஒலிக்கும். அதனால் தேவையானதை மட்டும் பேசினோம். சாப்பிட வாங்க, மாத்திரை போட்டீங்களா. அவரோடு நடக்கவந்த நண்பர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிக்கும்போது தாமதமாகச் சிரித்தார். பிறகு கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினார். எந்நேரமும் யாரையாவது கேள்வி கேட்டு வாழ்ந்தவர், கேள்வி கேட்டால் பதில் காதில் விழாது என்பதால் கேட்பதையே விட்டுவிட்டார். அவர் கோபக்காரராகிவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வருத்தமாக இருந்தார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2024இல் லான்செட் குழு வெளியிட்ட அறிக்கை மறதிநோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிடுகிறது. கேள்விக்குறைவு, மனச்சோர்வு, தனிமை, உடலுழைப்பின்மை, இரத்த அழுத்தம், சர்க்கரை, பார்வைக்குறைவு எல்லாம் அதில் உண்டு. இவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. இது மக்கள்தொகைக் கணக்கு, தனிமனிதனுக்கான உத்தரவாதம் அல்ல. காது கருவியைப் பற்றி 2023இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வும் நிதானமாகவே பேசுகிறது. மூன்று வருடத்தில் எல்லோருக்கும் பயன் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் கொண்ட முதியவர்களிடம் மட்டும் சரிவின் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆகவே ஒரு கருவி அப்பாவைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அவரோடு இன்னும் சில வருடம் பேசியிருக்கலாம் என்பது மட்டும் தெரியும்.

2011இல் ஒரு மார்கழிக் காலையில் அவரைக் கைபிடித்துக் குளக்கரைக்குக் கூட்டிப்போனேன். அப்போது அவருக்கு நான் யாரோ ஒருவன். குளத்தில் கூழைக்கடாக்கள் இறங்கியிருந்தன. வழியெல்லாம் பேசாமல் வந்தவர், மதகருகே வந்ததும் நின்றார். மதகுப் பாட்டைச் சொல்லத் தொடங்கினார். குரலில் நடுக்கம் இருந்தது, பாட்டில் ஒரு சொல்லும் பிசகவில்லை. முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டை நான் தொடங்க வேண்டும். அது எங்கள் பழைய முறை. எனக்கு வரவில்லை. முதல் சொல்லை அவரே தந்திருந்தும் இரண்டாவது சொல் எனக்கு வரவில்லை. அவர் நெடுநேரம் காத்திருந்தார். பிறகு, மகனிடம் பேசும் குரலில் அல்ல, வகுப்பில் எழுந்து நிற்கும் ஏதோ ஒரு மாணவனிடம் பேசும் குரலில், "படிக்கலியோ? சரி, நாளைக்குப் படிச்சிட்டு வா" என்றார்.

மறுநாள் நான் படிக்கவில்லை. அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை இருந்தது. அதற்குப் பிறகு அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த வாரம், பன்னிரண்டு வருடம் தாமதமாக, முப்பத்திரண்டாவது பாட்டைப் படித்தேன். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. என் இன்றைய ஏற்பாடுகள் மிக எளியவை. காலையில் நாற்பது நிமிடம் தேரூர்ச் சாலையில் நடக்கிறேன். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வருடம் வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் நடந்த முதியவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் இரண்டு சதவீதம் வளர்ந்திருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு உற்சாகம் தரவில்லை. எனக்கு அந்த இரண்டு சதவீதம் கிடைத்ததா என்று பார்க்க வழியில்லை. நடந்துவிட்டு வந்த நாளில் மனைவியிடம் எரிந்துவிழுவதில்லை என்பதை அவளே சாட்சி சொல்வாள். நடக்கும்போது கைப்பேசியை வீட்டில் வைத்துவிடுகிறேன். பறவைகளின் பெயர்களைப் படிக்கிறேன். நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீலத் தாழைக்கோழி. பெயர் தெரிந்த பறவை கண்ணில் படுகிறது. தெரியாதபோது அது வெறும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ பறந்துபோனது.

மதியத் தூக்கத்தை இருபது நிமிடத்துக்குக் குறைத்தேன். இரவுத் தூக்கம் திரும்பியது. தூங்குவதற்கு முன் அன்றைய பாட்டைப் பார்க்காமல் ஒருமுறை சொல்கிறேன். விழித்திருக்கும் நேரத்தைவிடத் தூங்கும் நேரத்தில் மறதி குறைவு என்று ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924லேயே இரண்டு மாணவர்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். காதைப் பரிசோதித்தேன். மெல்லிய குரல்கள் குறைந்திருந்தன. கருவி வாங்கினேன். முதல் மாதம் தட்டுகளின் ஓசையெல்லாம் இடிபோல விழுந்தது, பிறகு பழகிவிட்டது. பேத்தி தொலைபேசியில் முணுமுணுப்பவள் அல்ல என்றும், நான்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன் என்றும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கைந்து பேர் கூடுகிறோம். அந்த வாரம் படித்த ஒன்றைக் குறிப்பில்லாமல் ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். ஸ்கூட்டரை நிறுத்தும்போது 'ஆலமரத்துக்கு வலப்பக்கம்' என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இவற்றால் அப்பாவுக்கு வந்தது எனக்கு வராது என்று நான் நம்பவில்லை. வரலாம். அல்சைமர் என்ற மருத்துவர் 1906இல் அந்த நோயை முதன்முதலாக விவரித்தார். நூறு வருடத்துக்கு மேலாகியும் அதை முழுமையாக நிறுத்தும் மருந்து இல்லை. ஆனால் ஒன்று புரிந்திருக்கிறது. நினைவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிப் பாதுகாக்க முடியாது. எடுத்துக் கொடுக்கும்போதுதான் அது நம்மிடம் தங்குகிறது. எடுத்துக் கொடுக்க எதிரே ஒருவர் வேண்டும், கேட்க வேண்டும், கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். அப்பா எனக்கு அதைச் செய்தார். நாங்கள் அவருக்கு அதைச் செய்யவில்லை. வீட்டில் முதியவர்கள் இருப்பவர்களிடம் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அவர்கள் சொல்வதைத் திருத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை கொஞ்சம் நில்லுங்கள்.

எழுபத்துமூன்றாவது பாட்டு வரை வந்திருக்கிறேன். மாலையில் மனைவி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்க்கிறாள். தவறினால் உடனே சொல்லிவிடுவாள். சொல்லாதே, கொஞ்சம் பொறு என்று இப்போதுதான் பழக்கியிருக்கிறேன். நேற்றுக் காலை மதகருகே முப்பத்தொன்று முடிந்து முப்பத்திரண்டு தொடங்கும் இடத்தில் தடுமாறினேன். புத்தகம் கையில் இருந்தது. திறக்கவில்லை. நின்றேன். சற்று நேரம் கழித்து வந்தது.